முப்பது பேருக்கும் ஒரே நாளில் சீக்கு

தன்ஷிகாவுக்கு அந்த வருடம், முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே, நூற்றுப் பதின்மூன்று நாள் உடம்பு சரியில்லை. அந்த நூற்றுப் பதின்மூன்று நாளில் அவள் துவைத்த போர்வைகளை வரிசையாகக் கட்டினால் புது பஸ் ஸ்டாண்டு வரை போகும்.

காலை எட்டரைக்கு வேலைக்குப் போவாள். ஒன்பதரைக்கு, "இன்னைக்கும் சீக்குன்னு அனுப்பிப்போட்டாங்க," என்று திரும்பி வருவாள். வந்த வேகத்தில் போர்வையை ஊறப்போடுவாள், மோட்டார் ரூமில் ஒட்டடை அடிப்பாள், எங்கள் காம்பவுண்டின் பொதுக் குழாயடியைப் பிளீச்சிங் போட்டுத் தேய்ப்பாள். எட்டு வீட்டுக்காரர்களும் அவள் சீக்கால் சுத்தமாக வாழ்ந்துகொண்டிருந்தோம்.

அவள் வேலை செய்வது நீலக் கேட் கம்பெனியில். பெயர்ப் பலகையில் வேறு என்னவோ நீளமாக எழுதியிருக்கும். திருப்பூரில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கடல் தாண்டிப் போகிற டி-ஷர்ட்டுகளுக்குப் பன்னிரண்டு வருடமாகக் காலர் வைக்கிறாள். துணியை வெட்டவும் மடிக்கவும் பெட்டியில் அடைக்கவும் மெஷின் வந்துவிட்டது. வண்டிகள்கூடத் தாமாகவே தூத்துக்குடிக்குப் போய்ச் சரக்கை இறக்கிவிட்டு வருகின்றன. அப்படித்தான் அவள் கணவர் சஞ்சய் டிரைவர் வேலையை இழந்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிறார். தைக்க மட்டும் மெஷினால் முடியவில்லை. துணி என்ன இரும்பா, வைத்த இடத்தில் நிற்க? நழுவும், சுருளும், இழுத்தால் நீளும். அதை அடக்கும் சூட்சுமம் டெய்லரின் விரலில் இருக்கிறது.

ஆகவே விரலையே பதிந்துகொண்டார்கள். லைனில் இருந்த முப்பது பெண்களுக்கும் மெல்லிய கையுறை மாட்டி, ஒரு மாதம் தைக்கவிட்டு, விரல் போன போக்கையெல்லாம் எடுத்து, ஆளுக்கு ஒரு ஜோடி இரும்புக் கை செய்துவிட்டார்கள். தன்ஷிகாவின் கை தன்ஷிகாவைப் போலவே தைக்கும். அவள் காலரைத் திருப்பும்போது கட்டைவிரலை லேசாகத் தூக்குவாள், அதுவும் தூக்கும்.

யூனியன்காரர்கள் சும்மா விடவில்லை. அவர்கள் போட்ட சத்தத்தில் ஒரு சட்டம் வந்தது. நல்லது நினைத்துப் போட்ட சட்டம்தான். ஆள் நன்றாக இருக்கும் நாளில் அவளுடைய கையை ஓட்டக் கூடாது. உடம்பு சரியில்லாத நாளில் மட்டும் ஓட்டலாம். அன்றைக்கு வீட்டில் இருப்பவளுக்கு முக்கால் சம்பளம். சீக்கு என்பதற்காக எவளையும் நிறுத்தக் கூடாது. ஒருத்திக்கு வருடத்தில் நூற்றிருபது நாள் சீக்கு என்றால், பாவம், ஏதோ பெரிய வியாதி என்று இரக்கப்பட்டு, நெடுநோயர் பட்டியலில் பெயர் சேர்த்து, ஆயுசுக்கும் அரைச் சம்பளம் கொடுத்துவிட வேண்டும். அதன்பிறகு அவள் நாற்காலி இரும்புக் கைக்கு.

அறிவிப்பு வந்த அன்று எங்கள் காம்பவுண்டில் கேசரி கிண்டினோம். அதுவரை ஒரு நாள் லீவு வேண்டுமென்றால் சொந்தத்தில் யாரையாவது சாகடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வீதி மகிஷாவின் பெரியப்பா மட்டும் நான்கு தடவை இறந்திருக்கிறார். மனிதர் இன்னும் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

கேசரி வாய்க்குள் இருக்கும்போதே கம்பெனிக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கை டீ குடிப்பதில்லை. பாத்ரூம் போவதில்லை. இரண்டு ஷிப்ட் ஓடும். அதற்குக் கொடுக்க வேண்டியது முக்கால் சம்பளம்தான். லீவு கேட்டால் எரிந்து விழுந்த அதே சூப்பர்வைசர், "என்னங்கக்கா, மூஞ்சி வாடியிருக்குது? ஊட்டுக்குப் போறீங்களா?" என்று குழைய ஆரம்பித்தார். குழைந்தும் போகாதவர்களுக்காகக் கேட்டில் ஒரு கூண்டு வந்து இறங்கியது.

அந்தக் கூண்டை நானே போய்ப் பார்த்தேன். மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, தன்ஷிகா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனாள். அதை எடுத்துக்கொண்டு போனேன். சஞ்சய் போயிருக்கலாம்தான். அவரிடம் சொல்லி, அவர் சட்டை தேடி, அதற்குள் சாம்பார் ஊசிப்போகும்.

லிப்ட் மாதிரி ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே போய் இரண்டு உள்ளங்கையையும் ஒரு தகட்டில் வைக்க வேண்டும். அரை நிமிடம். மேலே பச்சை எரிந்தால் வேலை, சிவப்பு எரிந்தால் வீடு. அதோடு விட்டால் பரவாயில்லை. தேன் ஒழுகும் பெண் குரலில், வரிசையில் நிற்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி, இன்னாருக்கு இன்ன கோளாறு என்று வாசிக்கும். எங்கள் காம்பவுண்டில் நான் பல வருடமாகச் செய்துவரும் சேவையை அது சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தது.

தன்ஷிகாவுக்குச் சிவப்பு. "முழங்கால் தேய்மானம், ஆரம்ப நிலை. இரும்புச் சத்து, குறைவு. வலது தோளில் வீக்கம். தூக்கம், போதவில்லை."

கூண்டின் பக்கத்தில் ஒரு மேஜை. அதில் கம்பெனி டாக்டர் இலக்கியா உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம். கூண்டுக்குள் போனால் அவருக்கும் சிவப்புதான் எரியும்.

"டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்கறேன்," என்றாள் தன்ஷிகா.

"மெஷின் பொய் சொல்லலைங்கக்கா. தோள்ல நெஜமாவே வீக்கம் இருக்கு. ரத்தம் கம்மியா இருக்கு. நீங்க ரெஸ்ட் எடுக்கணும்."

"பன்னண்டு வருசமா இதே தோள்தானுங்க. அப்ப வலிக்குதுன்னு அழுதப்ப, 'உனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறே, போய்த் தை'ன்னாங்க. இப்ப வலிக்கலைங்கறேன், சீக்குங்கறீங்க."

டாக்டர் பேனாவைத் திறந்து மூடினார். "நான் காண்ட்ராக்ட்லதாங்கக்கா இருக்கேன். பச்சையா செவப்பான்னு முடிவு பண்றது நான் இல்ல. கையெழுத்து மட்டுந்தான் என்னுது."

கையெழுத்து விழுந்தது. நூற்றுப் பதினான்கு.

திரும்பி வரும் வழியெல்லாம் தன்ஷிகா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். வருடம் முடிய மார்ச் முப்பத்தொன்று. இரண்டு வாரம் இருந்தது. இன்னும் ஆறு சிவப்பு எரிந்தால் அவள் நெடுநோயர். பட்டியலில் பெயர் ஏறியவளை வேறு எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது. வீட்டில் வருமானம் என்று வருவதே அவளுடையதுதான். அது பாதியானால் எங்கள் காம்பவுண்டு வாடகைக்கே சரியாகிவிடும், சோற்றுக்கு இல்லை.

சஞ்சய்க்கு அது உறைக்கவில்லை. அன்று மத்தியானம் அவர்கள் பேசியது என் காதில் விழுந்தது. விழும் தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

"அரைச் சம்பளம் ஊடு தேடி வருதுன்னா கசக்குதா ஒனக்கு? கம்முனு உக்காந்து சாப்புடு."

"நீங்க உக்காந்து மூணு வருசமாச்சு. ரண்டு பேரும் உக்காந்தா பாய் பத்தாதுங்க."

"நான் என்ன வேணும்னா உக்காந்தேன்?"

"இல்லீங்க. அதத்தான் சொல்றேன். உக்காந்தவங்களுக்கு என்ன ஆகுதுன்னு நான் மூணு வருசமாப் பாத்துட்டுத்தான இருக்கறேன்." போர்வையை உதறும் சத்தம் கேட்டது. பிறகு அவளே, "என்ற கை அங்க தைக்குமாம், நான் இங்க உக்காந்து அதும் சம்பாத்தியத்தத் திங்கோணுமாம். நெனச்சாலே கூசுதுங்க," என்றாள்.

அன்று சாயங்காலமே காம்பவுண்டு கூடி முடிவெடுத்தது: தன்ஷிகாவை ஆரோக்கியமாக்குவது. முதல் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை சூப். மூன்றாம் வீட்டிலிருந்து பேரீச்சம்பழம். என் பங்குக்கு பீட்ரூட் பொரியலும் அறிவுரையும். எட்டு மணிக்கு விளக்கணைத்துத் தூங்கச் சொன்னோம். அவள் தூங்குகிறாளா என்று ஆள் மாற்றி ஆள் கதவைத் தட்டிக் கேட்டதில் அது கொஞ்சம் கெட்டது. தோளுக்கு நல்லெண்ணெய் தேய்க்கும் வேலை சஞ்சய்க்கு. முதலில் சலித்துக்கொண்டார். இரண்டாம் நாள், "இங்கயா, இன்னும் மேலயா?" என்று கேட்டுத் தேய்த்தார்.

செவ்வாய் சிவப்பு. புதன்கிழமை பச்சை!

ஒன்பதரை ஆகியும் அவள் திரும்பி வரவில்லை என்றதும் காம்பவுண்டே வாசலுக்கு வந்துவிட்டது. சஞ்சய் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு, "வரலீங்க, வரவே இல்லீங்க," என்று பரீட்சை ரிசல்ட் வந்த மாதிரி ஓடி வந்தார். பெண்டாட்டி வீட்டுக்கு வரவில்லை என்று இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மறுபடி சிவப்பு. "இரும்புச் சத்து, நன்று. தூக்கம், நன்று. ரத்த அழுத்தம், அதிகம். பதற்றம் காணப்படுகிறது."

"சீக்காயிருவமோன்னு பயந்தே சீக்காயிட்டேனுங்க்கா," என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளி சிவப்பு. சனி சிவப்பு. நூற்றுப் பதினெட்டு.

அடுத்த திங்கட்கிழமைதான் கம்பெனிக்குப் பேராசை முற்றியது. வெளிநாட்டுக்காரன் பண்டிகை ஆர்டர் ஒன்று, வியாழக்கிழமை கப்பலேற வேண்டும். அதுவரை தினமும் பத்துப் பதினைந்து பேரைத்தான் சுழற்சியாகத் திருப்பி அனுப்புவார்கள். லைனில் பாதி ஆளும் பாதிக் கையுமாக ஓடும். அன்று முழு லைனும் இரண்டு ஷிப்ட் ஓடட்டும் என்று கூண்டின் கண்டிப்பைக் கூட்டிவிட்டார்கள். முப்பது பேருக்கும் சிவப்பு. காலராவே வந்தாலும் இப்படி ஒரு லைனை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒருத்தி விடாமல் தாக்காது.

தன்ஷிகாவுக்கு நூற்றுப் பத்தொன்பது. நாளை ஒரு சிவப்பு, அவ்வளவுதான்.

முப்பது பேரில் பாதிப்பேர் நேராக எங்கள் காம்பவுண்டுக்கு வந்து சேர்ந்தார்கள். குழாயடியைச் சுற்றி உட்கார்ந்து, பத்து மணிக்கே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். கல்யாண வீடு மாதிரி இருந்தது, யாரும் சிரிக்காததைத் தவிர. தன்ஷிகா மட்டும் சாப்பிடாமல் ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது.

"உடுக்கா, அது கிழிஞ்சிரும்," என்றாள் மகிஷா. லைனில் தன்ஷிகாவுக்கு அடுத்த நாற்காலி இவளுடையது.

"நாளைக்கும் செவப்புன்னா நான் என்னடி பண்றது?"

"எல்லாருக்குந்தான் செவப்பு."

"உனக்கு எம்பத்திச்சொச்சம். எனக்கு நாளைக்கோட முடிஞ்சுது."

மகிஷா எழுந்து போய்ப் போர்வையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிய ஆரம்பித்தாள்.

பதினொன்றரைக்குப் பூவிதாவிடமிருந்து போன் வந்தது. பூவிதா அந்த லைனில் பீஸ் எடுத்துக் கொடுக்கிற ஹெல்பர். ஹெல்பர்களுக்கு இரும்புக் கை செய்யவில்லை, ஆகவே சீக்கும் வருவதில்லை. கேட்காமலே எல்லாம் சொல்கிற பெண். எனக்கு மிகவும் பிடித்தவள்.

"லைன் ஓடலீங்க்கா," என்று கிசுகிசுத்தாள். "கையெல்லாம் ஆடிட்டுத்தான் இருக்குது. காலர் ஒண்ணும் வரமாட்டீங்குது. மேனேஜர் வேர்த்து ஊத்தி நிக்கறாரு. கோயமுத்தூர்ல இருந்து இஞ்சினியரு வந்து, அவரும் தலையச் சொறியறாரு."

மூன்று மணிக்கு அந்த இன்ஜினியரே எங்கள் காம்பவுண்டுக்கு வந்துவிட்டார். பெயர் பிரணவ். வெயிலில் சிவந்த முகம், கையில் ஒரு டேப்லெட். கேட்டுக்குள் நுழைந்ததும் அத்தனை பெண்களைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார்.

"தன்ஷிகாங்கறது..."

"நாந்தானுங்க. என்ன, கைக்கு மேலுக்கு முடியலயா?"

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்து, டேப்லெட்டை நீட்டினார். "இத ஒரு தடவை பாருங்கக்கா. எங்களுக்கு ஒண்ணும் பிடிபடல. புரோகிராம்ல தப்பே இல்ல. ஆனா கை இப்படிப் பண்ணுது."

எல்லாத் தலையும் திரைக்கு மேல் கவிழ்ந்தது, என்னுடையதும்தான். நீளமான லைன், முப்பது மேஜை, முப்பது ஜோடிக் கை. தன்ஷிகாவின் கை ஒரு காலரை எடுத்து, கட்டைவிரலைத் தூக்கி, ஊசிக்குக் கீழே வைக்கப்போனது. வைக்கவில்லை. பக்கத்து மேஜைப் பக்கம் திரும்பி, அங்கிருந்த துணிக்கட்டிலிருந்து நான்கு பீஸை உருவித் தன் கட்டோடு சேர்த்துக்கொண்டது. உடனே அந்தப் பக்கத்துக் கை திரும்பி, தன்ஷிகாவின் கட்டிலிருந்து நான்கை உருவியது. அதைப் பார்த்து இது நான்கை. அதற்கடுத்த மேஜைகளிலும் அதே கதை. துணி லைன் முழுக்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தபடி இருந்தது. தைப்பார் இல்லை.

"மத்தியானம் வரைக்கும் ஏழு காலர்," என்றார் பிரணவ், அழாத குறையாக. "முப்பது கைக்கு ஏழு!"

"சம்பந்திக ரண்டு பேரும் ஓட்டல்ல 'நான் குடுக்கறேன், நான் குடுக்கறேன்'னு பில்லுக்கு மல்லுக்கட்டுவாங்களே, அப்படி இருக்குது," என்றாள் ஒருத்தி.

ஆனால் தன்ஷிகாவும் மகிஷாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுகளைப் பதிஞ்சது எந்த மாசம், தெரியுமுங்களா?" என்று கேட்டாள் தன்ஷிகா.

"மூணு வருசத்துக்கு முன்னாடி, ஐப்பசி மாசம்."

"அந்த மாசம் இவளுக்குச் சிக்குன்குனியா. வெரல் பத்தும் பஜ்ஜியாட்டம் வீங்கிக் கெடந்துது. அப்ப சீக்கு லீவெல்லாம் ஏது? பீஸ் கொறஞ்சா மறுநாள் கேட்டுல நிறுத்திருவாங்க. அதனால சூப்பர்வைசர் அந்தப் பக்கம் திரும்புனதும் நான் இவ கட்டுல நாலு எடுத்துக்குவேன். எங்கட்டு ஏறிருமில்ல? அதுல என்ற அடுத்தவ ரண்டு எடுப்பா, அவளுதுல அதுக்கடுத்தவ. இப்படியே கடைசி டேபிள் வரைக்கும் போயிரும். இவ வெரல் கொஞ்சம் தேறுன அன்னைக்கு இவளும் எங்கட்டுல எடுத்துக்குவா. யாருக்கும் பாரம் தெரியாது. மாசம் பூராவும் இதேதான்."

"கையுறை போட்டுட்டா?"

"களட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பிரணவ் குழாயடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்தில் ஈரம், அவர் கவனிக்கவில்லை. "அப்ப, பக்கத்துல பாரம் இருந்தா எடுக்கணும்னு கத்துக்கிச்சு. ஆனா இத்தன மாசம் ஆளும் கையும் கலந்து ஓடினப்ப இந்தப் பிரச்சன வரலையே?"

"வந்துது," என்றாள் மகிஷா. "தட்டி உடுவோம்."

"எத?"

"கையத்தான். இந்தக்கா சீக்குன்னு போன அன்னைக்கெல்லாம் இதும் கை வந்து எங்கட்டுல எடுக்கும். பொறங்கையில ஒண்ணு போட்டு, 'போதும் போடி'ம்பேன். அது பாட்டுக்குத் திரும்பித் தைக்கும். எனக்கு நெஜமாவே முடியாத அன்னைக்கு, எடுத்துக்கட்டும்னு கம்முனு இருந்துக்குவேன்."

"ஏன் எங்க யார்கிட்டயும் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே சாமி."

பிரணவ் திரையை மறுபடி பார்த்தார். "பதிஞ்ச மாசத்துல யாரும் யாரையும் தட்டல. அதனால இதுகளுக்கு எடுக்கத் தெரியும். போதும்னு சொல்லத் தெரியாது."

"அந்தப் பழக்கத்த மட்டும் வெட்டி எடுத்துர முடியாதுங்களா?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"காலைலயே பண்ணிப் பாத்துட்டேங்க. பக்கவாட்டுல நீள்ற அசைவ எடுத்தா காலர் கோணிக்குது. எல்லாம் ஒரே ஓட்டத்துல பின்னிக் கெடக்கு."

அவர் போன் அலறியது. மேனேஜர். பிரணவ் பதற்றத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் வந்துவிட்டது. அதை அணைக்கப் போன கையை மகிஷா தட்டிவிட்டாள். நல்ல பழக்கம்.

பிரணவ் விஷயத்தைச் சொன்னார். மேனேஜர் குரல் காம்பவுண்டுச் சுவரில் மோதியது. "அவ்வளவுதான? புதுசாப் பதிஞ்சிரு! நாளைக்கே முப்பது பேரையும் உக்கார வெச்சுப் பதி!"

"சார், பதியறப்ப ஆள் ஆரோக்கியமா இருக்கோணும்னு சட்டம் சார். காலைல முப்பது பேருக்கும் சீக்குன்னு நாமளே கையெழுத்துப் போட்டு லேபர் ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம்."

"நாளைக்குப் பச்சை போட்டுரலாம்!"

"முப்பது பேரும் ஒரே ராத்திரில கொணமாயிட்டா, கேப்பாங்க சார்."

"வேற லைன் கைகள மாத்திப் போடு."

"எல்லா லைனும் அதே மாசந்தான் சார் பதிஞ்சோம். மத்த லைன்லயும் இதே பழக்கந்தான் இருக்கும்."

தன்ஷிகா போர்வையைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தாள்.

"சார், நான் தன்ஷிகா பேசறனுங்க. காலர் டேபிள்."

"சொல்லுங்கம்மா. ஒடம்பு எப்படி இருக்கு?" பழக்கதோஷம்.

"அதத்தானுங்க பேசோணும். புதுசாப் பதிய எங்க சம்மதம் வேணும். அத நாங்க குடுக்கறதா இல்லீங்க. குடுத்தா மறுபடி முப்பது பேரும் ஒண்ணாச் சீக்காளி ஆயிருவோம். ஆனா உங்க சரக்கு வியாழக்கெழம போகும். ஒரு கைக்குப் பக்கத்துல ஒரு ஆளு உக்காந்தாப் போதும், கை ஒழுங்காத் தைக்கும். ஒருத்திக்கு முடியலைன்னா அவ கை ஓடட்டும், பக்கத்துல இருக்கறவ பாத்துக்குவா."

"அவ்வளவுதான? நாளைக்குப் பதினஞ்சு பேர வரச் சொல்றேன்."

"யாரு வரோணும், யாரு வரக்கூடாதுன்னு இனி நீங்க சொல்லக்கூடாதுங்க. கூண்டும் சொல்லக்கூடாது. எனக்கு முடியலைன்னா நாந்தான் சொல்லுவேன். நான் சொல்லாத அன்னைக்கு என்ற நாற்காலில நாந்தான் உக்காருவேன்."

"அப்ப கூண்டு எதுக்கும்மா? அத்தன செலவு பண்ணி..."

"தோள்ல வீக்கம்னு சொல்லுதில்லீங்க? சொல்லட்டும். நல்லதுதான், மருந்து குடுங்க. ஊட்டுக்கு அனுப்பறது அதும் வேல இல்ல. இன்னைக்கு முப்பது பேருக்கும் போட்ட செவப்ப அழிச்சுப்போட்டு, இதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. நாளைக்கு எட்டரைக்கு வந்துருவோம்."

போனில் சத்தமே இல்லை. அரை நிமிடம் இருக்கும். அத்தனை பெண்கள் கூடிய இடத்தில் அரை நிமிடம் யாரும் பேசாதிருந்தது எங்கள் காம்பவுண்டு சரித்திரத்தில் இல்லை. பிரணவ் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தன்ஷிகாவின் விரல்கள் முந்தானை நுனியைக் காலர் மாதிரி மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தன.

"எட்டரைன்னா எட்டரைக்கே வந்துரோணும்," என்றது போன்.

காகிதம் ஐந்தரைக்கு வந்தது. டாக்டர் இலக்கியா முப்பது பேரின் சிவப்பையும் அழித்துக் கையெழுத்துப் போட்டதாகவும், யாரும் கேட்காமலே முப்பத்தோராவதாகத் தன் முதுகுவலிக்கு ஒரு நாள் லீவு எழுதிக்கொண்டதாகவும் பூவிதா சொன்னாள். வியாழக்கிழமை சரக்கு போனது. தன்ஷிகாவின் வருடம் நூற்றுப் பதினெட்டிலேயே முடிந்தது.

முடியாதவள் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பாள், முக்கால் சம்பளம் வரும், முடிகிறவள் தைப்பாள். எல்லாருமே முடியவில்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று மேனேஜர் மூன்று மாதம் பயந்துகொண்டிருந்தாராம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மகிஷா இரண்டு நாள் எடுத்தாள், பல் பிடுங்க. அவள் பெரியப்பாவும் அதற்குப் பிறகு சாகவில்லை. பக்கத்துக் கம்பெனிகளிலும் கைகள் இதேபோல் மல்லுக்கட்டின என்று தெரிந்து, அங்கேயும் இதே காகிதம் போனது. அடுத்த வருடம் சட்டத்திலேயே ஒரு வரி சேர்ந்தது: நோயுற்றதைத் தொழிலாளியே அறிவிக்க வேண்டும் என்று. ஏதோ கமிட்டி உட்கார்ந்து யோசித்ததாக டிவியில் சொன்னார்கள். யோசித்தது எந்தக் குழாயடியில் என்று எங்களுக்குத் தெரியும்.

கூண்டு மட்டும் இன்னும் கேட்டில் நிற்கிறது. யாரையும் சீக்காளியாக்கி லாபமில்லை என்றானதும், கம்பெனிக்காரர்கள் அதன் கண்டிப்பைத் தளர்த்திவிட்டார்கள் போலிருக்கிறது. இப்போது யார் நுழைந்தாலும் பச்சைதான்.

போன ஆடி மாதம் ஒரு நாள், காலை ஒன்பதரைக்குத் தன்ஷிகா வீட்டுக்கு வந்தாள். நான் பதறிப்போய் என்ன ஏது என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன், வாசல் வரைக்கும்தான். பாயை விரித்து உட்கார்ந்தாள். சஞ்சய் கையில் தோசைக் கரண்டியோடு வந்து நின்றார்.

"என்ன, மறுபடி செவப்பா?"

"பச்சை. 'ஆரோக்கியம், மிக நன்று'ன்னுச்சு."

"அப்பறம் எதுக்கு வந்தே?"

"எனக்கு முடியலைன்னு சொன்னேன். சரி, போயிட்டு வாங்கக்கான்னாங்க."

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கல."

சஞ்சய் நம்பாமல் குனிந்து அவள் நெற்றியில் புறங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"அடேங்கப்பா, கொதிக்குதே!"

"அதத்தானுங்க நானும் சொன்னேன்," என்றாள் தன்ஷிகா. போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.